சீஸுக்கு எந்த வைன்? யாழ்ப்பாணத்து வீட்டு மேசைக்கு ஒரு தெரிவு

ஆவணி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் வெளிநாட்டுச் சனம்தான். நல்லூர்க் கொடி இறங்கும்வரை பலர் வீட்டில் மச்சமும் இல்லை, போத்தலும் இல்லை. அது முடிந்த கையோடு பாரிஸ் மச்சான் சூட்கேஸைத் திறந்து இரண்டு சீஸ் கட்டிகளை மேசையில் வைப்பார். "ஒரு வைன் எடுத்தா இண்டைக்கு எல்லாரும் இருந்து ருசி பாக்கலாம்" என்பார். கடைக்குப் போவது நாங்கள். அங்கே தட்டில் நிற்கும் போத்தல்களில் எதை எடுப்பது என்பதுதான் சிக்கல்.

"அண்ணை, எல்லாரும் சிவப்புத்தான் கேக்கிறவை" என்று கடைத்தம்பி சொல்வார். உண்மைதான். வைன் என்றாலே சிவப்பு என்றுதான் எங்கள் ஆட்களின் நினைப்பு. சீஸ் வைக்கப்போகும் மேசைக்கு அந்தச் சிவப்பை நான் கடைசியாகத்தான் எடுப்பேன். எனக்குத் தெரிந்தவரையில் இருக்கும் வழிகள் நாலு: உலர்ந்த சிவப்பு, புளிப்பான வெள்ளை, நுரைக்கும் வைன், இனிப்பு வைன். ரோசே என்று இளஞ்சிவப்பில் ஒன்று உண்டு. அது எதனோடும் பெரிதாகச் சண்டை பிடிக்காது, எதையும் பெரிதாகத் தூக்கி நிறுத்தவும் மாட்டாது. அதை விட்டுவிடுவோம்.

முதலில் சிவப்பு. கபர்னே சோவின்யோன், ஷிராஸ் போன்றவை எங்கள் கடைகளில் அதிகம் கிடைக்கும், பெரும்பாலும் சிலி, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்காவிலிருந்து வருபவை. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் தனின் இவற்றில் கூடுதல். வாயில் பட்டதும் நாக்கும் முரசும் காய்ந்து இழுத்துப் பிடிக்கிற அந்தக் கயர்ப்பு தனினுடைய வேலை. வெறும் தேத்தண்ணி கடுஞ்சாயமாக இருந்தால் வருமே, அதே கயர்ப்பு. பால் விட்டால் அது அடங்கிவிடும், ஏனென்றால் பாலின் புரதம் தனினைப் பிடித்துக்கொள்கிறது. சீஸும் பாலிலிருந்து வந்ததுதானே. புரதமும் கொழுப்பும் சேர்ந்து சிவப்பு வைனின் முரட்டுத்தனத்தைக் குறைக்கும். சிவப்பும் சீஸும் நல்ல சோடி என்ற பேச்சு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கயர்ப்போடு சேர்ந்து வேறு சிலதும் அடங்கிப்போகின்றன. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஹில்டகார்ட் ஹேமனும் அவருடைய மாணவியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 8 சிவப்பு வைன்களை 8 சீஸ்களோடு பயிற்சி பெற்றவர்களுக்குச் சுவைக்கக் கொடுத்தார்கள். சீஸ் சாப்பிட்ட பிறகு வைனின் பழவாசம், மரப்பீப்பாய் வாசம், புளிப்பு, கயர்ப்பு எல்லாம் குறைவாகத்தான் தெரிந்தன. கூடியது வெண்ணெய் வாசம் ஒன்றுதான். மலிவான வைனும் விலை கூடிய வைனும் ஒரே அடிதான் வாங்கின. ஆகவே பெரிய காசு கொடுத்து ஒரு கபர்னே வாங்கி, அதற்குச் சீஸையும் வைத்தால், கொடுத்த காசில் ஒரு பங்கைச் சீஸ் விழுங்கிவிடும். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2016இல் பிரான்சில் சாதாரணமாக வைன் குடிக்கிறவர்களிடம் செய்த ஒரு ஆய்வில், சீஸோடு குடித்தபோது வைன் கூடுதலாகப் பிடித்தது என்றுதான் முடிவு வந்தது. இரண்டும் முரண் இல்லை. வாசம் குறைந்தாலும் வாய்க்கு இதமாக இருந்தால் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள். எனக்கு விளங்குவது, சீஸ் மேசைக்கு விலையான சிவப்பு வீண் செலவு என்பதுதான்.

இங்கே கிடைக்கிற சீஸைப் பார்த்தால் சிவப்பின் நிலை இன்னும் மோசம். எங்கள் வீடுகளில் சீஸ் என்றால் வட்டப் பெட்டியில் வரும் முக்கோணத் துண்டுகள், அல்லது பாணுக்கு வைக்கிற மெல்லிய தகடுகள். இரண்டும் பதப்படுத்திய சீஸ். உண்மையான சீஸை உருக்கி, கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் இருக்கப் பொஸ்பேற்று அல்லது சிற்றேற்று உப்பு சேர்த்து மறுபடி வார்த்தது. ஆறு மாதம், ஒரு வருடம் கிடந்து முற்றிய வாசம் அதில் இருக்காது. உப்பும் வழவழப்பும்தான் இருக்கும். ஒரு முக்கோணத்தை வாயில் கரையவிட்டு, மேலே ஒரு மிடறு கபர்னே குடித்துப் பாருங்கள். சீஸ் நாக்கில் மா போல ஒட்டிக்கிடக்கும். வைன் அதன் மேலால் வழுக்கிப்போய்த் தொண்டையில் ஒரு கசப்பை விட்டுப்போகும். பழத்தின் ருசி எங்கே போனது என்றே தெரியாது. வெள்ளைத் தோல் பிடித்த பிரீ, கமம்பேர் சீஸ்களோடும் கடுஞ்சிவப்பு ஒத்துவராது, இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி வந்துவிடும். முற்றிய செடார், கௌடா, கொம்தே மாதிரி இறுகிய சீஸ்தான் சிவப்பைத் தாங்கும்.

சிவப்பே வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிற சித்தப்பா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்கு மெர்லோ அல்லது பினோ நுவார் மாதிரி மென்மையான ஒன்றை எடுங்கள். எடுத்து, குடிப்பதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிரிட்ஜில் வையுங்கள். சிவப்பைக் குளிரவைக்கக் கூடாது என்று ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை ஐரோப்பிய வீடுகளுக்கு உரியது. சிவப்பு வைனுக்கு நல்ல சூடு 16 முதல் 18 பாகை செல்சியஸ். எங்கள் விறாந்தையில் இரவு எட்டு மணிக்கும் 28 பாகை இருக்கும். அந்தப் புழுக்கத்தில் கிளாஸில் ஊற்றினால் மூக்கில் ஏறுவது மதுசாரம் மட்டும்தான்.

இனி வெள்ளை. சோவின்யோன் பிளாங்க் என்று லேபிளில் பாருங்கள். பச்சைப் புல், எலுமிச்சம் தோல், கொய்யாக்காய் மாதிரியான வாசம். நல்ல புளிப்பு, தனின் இல்லை என்றே சொல்லலாம். புளிப்பு கொழுப்பை அறுத்துக்கொண்டு போகும், எனவே ஒவ்வொரு மிடறும் வாயைக் கழுவிவிட்டதுபோல இருக்கும். பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கத்தில் சான்செர் என்ற ஊரின் வைன் இதே திராட்சையில் செய்வது. அதற்குப் பக்கத்து ஊர்தான் ஷவின்யோல். அங்கே செய்கிற சின்ன வட்ட ஆட்டுப்பால் சீஸ் பேர்போனது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். மச்சான் கொண்டுவந்த கட்டிகளில் ஒன்று ஆட்டுப்பாலில் செய்ததாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெரிய கடைகளில் உப்புத்தண்ணீரில் கிடக்கிற ஃபெட்டா கிடைக்கும். ஒரு துண்டை எடுத்துத் தண்ணீர் வடியவிட்டு, விரல் நுனியளவு உடைத்து, குளிர்ந்த வெள்ளையோடு சாப்பிட்டுப் பாருங்கள். உப்பு பட்டதும் வைனின் புளிப்பு கொஞ்சம் தணிந்து, உள்ளே ஒளிந்திருந்த பழ இனிப்பு மேலே வரும். உப்பு கசப்பையும் புளிப்பையும் அமுக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும். மாங்காய்க்கு உப்புத் தொட்டுச் சாப்பிடுகிற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடை முக்கோணத் துண்டுகூட இந்த வெள்ளையோடு மரியாதையாக நடந்துகொள்ளும். ஆக, ஒரே ஒரு போத்தல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் என் வாக்கு சோவின்யோன் பிளாங்குக்கு.

எடுக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, வருடம். இந்த வகை வெள்ளை இளசாகக் குடிக்கவேண்டியது, நாலைந்து வருடம் தட்டில் கிடந்ததை விட்டுவிடுங்கள். மற்றது, போத்தல் எங்கே நின்றது என்பது. வெயில் விழுகிற கண்ணாடிப் பக்கம் நின்ற வைன் வெக்கையில் அவிந்துபோயிருக்கும், சிவப்பாக இருந்தாலும் சரி, வெள்ளையாக இருந்தாலும் சரி. தக்கை கழுத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றாலோ, வாய்ப்பக்கம் கசிந்து ஒட்டியிருந்தாலோ எடுக்கவேண்டாம். திருகுமூடி போட்ட போத்தலைக் கண்டு இளக்காரமாக நினைக்கத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நல்ல வைனுக்கும் அதுதான் போடுகிறார்கள்.

நுரைக்கும் வைன் பற்றிச் சுருக்கமாக. ருசியில் இது வெள்ளைக்கும் ஒரு படி மேல். குமிழும் புளிப்பும் சேர்ந்து பிரீ போன்ற கொழுத்த சீஸை அப்படியே துடைத்து எடுக்கும். எங்கள் பனங்கள்ளிலும் இதே புளிப்பும் நுரையும் இருப்பதால், கள் பழகிய நாக்குக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஆனால் விலை கூட. திறந்தால் அன்றிரவே முடிக்கவேண்டும். நன்றாகக் குளிராமல் திறந்தால் பாதி நுரையாக மேசைவிரிப்பில் ஓடும். பத்துப் பேர் வருகிற பிறந்தநாள் என்றால் எடுங்கள், நாலு பேர் இருந்து கதைக்கிற இரவுக்குத் தேவையில்லை.

நாலாவது இனிப்பு வைன். எங்கள் ஆட்கள் இதைக் கொஞ்சம் கீழாகப் பார்ப்பார்கள், "இது பெண்டுகள் குடிக்கிறது" என்று. (அந்தப் பெண்கள் கடையில் வாங்குவதைச் சட்டம் தடுத்துவைத்தது என்பது வேறு கதை. 1979இல் வந்த தடையை 2018 ஜனவரியில் நீக்கினார்கள், சில நாட்களிலேயே ஜனாதிபதி அதைத் திருப்பிவிட்டார்.) சீஸ் மேசையில் மிகப் பெரிய வேலை செய்வது இந்த இனிப்புத்தான். ஆங்கிலேயர் நீலப் பூசணம் ஓடிய ஸ்டில்டன் சீஸுக்குப் போர்த்துக்கலின் போர்ட் வைனை வைப்பார்கள். பிரெஞ்சுக்காரர் செம்மறியாட்டுப் பாலில் செய்த நீலச் சீஸான ரொக்ஃபோருக்கு சோத்தேர்ன் என்ற இனிப்பு வெள்ளையை வைப்பார்கள். கடும் உப்புக்குக் கடும் இனிப்பு என்பதுதான் இரண்டு இடத்திலும் கணக்கு.

எங்களுக்குக் கைக்கெட்டிய தூரத்திலும் ஒன்று இருக்கிறது. வசாவிளானுக்குப் பக்கத்துத் தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமம் நெல்லிரசத்துக்கும் திராட்சை வைனுக்கும் பெயர் போனது. கிடைத்தால் ஒரு போத்தல் எடுத்து வையுங்கள். பிரெஞ்சு வைனோடு போட்டி போட அதைக் கூப்பிடவேண்டாம். தனியே குடித்தால் எனக்கு இனிப்புக் கூடுதல். ஆனால் மச்சானின் ரொக்ஃபோரில் ஒரு துளியைப் பாணில் தடவி, அதன்மேல் நகத்தளவு பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி) வைத்து, கூடவே அந்த வைனில் ஒரு சின்ன மிடறு விட்டால் ஆள் வாயடைத்துப் போவார். ஸ்பெயின்காரர் மாஞ்செகோ சீஸுக்கு மெம்பிரியோ என்ற பழக்களியைத் துண்டுபோட்டு வைப்பது உலகத்துக்கே தெரியும். வெயிலில் பாய்மேல் காய்ந்த எங்கள் பனாட்டு அதே வேலையைச் செய்கிறது. போதாததற்கு ஒரு சின்னக் கசப்பும் புகைவாசமும் தருகிறது. இறுகிய செடாருக்கும் அது அருமை.

இனிப்பில் இன்னொரு வசதி. போர்ட் மாதிரி மதுசாரம் கூட்டிய வகைகளில் 20 சதவீதமளவில் இருக்கும். திறந்த பின்னும் மூடிப் பிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். சாதாரண சிவப்பும் வெள்ளையும் மூன்று, நாலு நாளில் சோர்ந்துவிடும். ஆகவே இரண்டு போத்தல் வாங்கலாம் என்றால், சோவின்யோன் பிளாங்க் ஒன்று, இனிப்பு ஒன்று. சிவப்பு மூன்றாவதுதான்.

சீஸ் பக்கத்துத் தெரிவு இதைவிடச் சுலபம். மூன்று வகை போதும், ஐந்தாறு வாங்கினால் நாக்கு களைத்துவிடும். உப்பான மெதுவான ஒன்று (ஃபெட்டா அல்லது ஆட்டுப்பால் சீஸ்), இறுகி முற்றிய ஒன்று (செடார், கௌடா, இல்லை சூட்கேஸில் வந்த கொம்தே), நீலம் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லி அனுப்புவதானால் கொம்தேயையும் காற்றில்லாமல் அடைத்த நீலச் சீஸையும் கேளுங்கள். பாரிஸில் எங்கள் ஆட்களின் லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் நல்ல சீஸ்கடை இருக்கும் என்று மச்சான்மாருக்குத் தெரியும். பிரீ வேண்டாம். கொழும்பு விமானநிலையத்திலிருந்து வான் வண்டியில் எட்டு மணித்தியாலம் குலுங்கி வந்தால் அது பெட்டிக்குள் கூழாகிவிடும், மணமும் வானுக்குள் இருக்கிறவர்களைச் சோதிக்கும். மொசரெல்லா பீட்சாவுக்கு நல்லது, இந்த மேசையில் அதற்கு வேலை இல்லை.

சைவச் சாப்பாட்டுக்காரர் இருக்கிற வீட்டில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பாலை உறையவைக்கும் ரெனெட் என்ற நொதியம் பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் விதிப்படியே அதுதான் போடவேண்டும். கொம்தே, ரொக்ஃபோர் இரண்டிலும் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனெட்தான். தொழிற்சாலைச் செடார்கள் பலவற்றில் நுண்ணுயிர் ரெனெட் இருக்கும், சைவம் என்று லேபிளிலும் போட்டிருப்பார்கள். அம்மம்மாவின் கையில் சீஸ் துண்டைக் கொடுக்கிறதற்கு முன்னம் அதை வாசித்துவிடுங்கள். எலுமிச்சம்புளி விட்டுத் திரித்த பனீருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. உப்பும் மிளகும் தூவி வாட்டினால் வெள்ளை வைனோடு அதுவும் நல்லாயிருக்கும். குடிக்காதவர்களுக்குத் தோலகட்டி நெல்லிரசத்தைச் சோடா விட்டுக் குளிரக் கொடுங்கள். புளிப்பும் இனிப்பும் அதில் இருப்பதால் செடாரோடும் ஃபெட்டாவோடும் வைன் செய்கிற வேலையில் முக்கால்வாசியை அது செய்துவிடும்.

மேசைக்கு வராமல் தடுக்கவேண்டிய சாமான் ஒன்று உண்டு: உறைப்பு. போத்தல் என்றதும் யாராவது எழும்பிப்போய் மிக்சரும் கணவாய்ப் பொரியலும் கொண்டுவந்து வைப்பார்கள். மிளகாய் ஏறிய நாக்கில் மதுசாரம் எரியும், தனின் இன்னும் கயர்க்கும், சீஸின் ருசி முழுதாகச் செத்துப்போகும். சாராயத்துக்குப் பழகிய பைட்ஸ் இங்கே உதவாது. வறுத்த கச்சான், வெட்டிய பாண், உப்பில்லாத பிஸ்கட், திராட்சை, பேரீச்சம்பழம், பனாட்டு போதும். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலமாக இருந்தால் இரண்டு கீற்று, அதுவும் இனிப்பு வைனுக்கு மட்டும். உறைப்புச் சாப்பாடு கடைசியில் வரட்டும், அப்போது யாரும் கிளாஸைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள்.

ஊற்றும் அளவு 50 மில்லிலீற்றர் போதும். 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் அப்படிப் பதினைந்து தரம் ஊற்றலாம், ஆறேழு பேருக்கு இரண்டு போத்தல் தாராளம். வெள்ளையை 8 முதல் 10 பாகைக்குக் குளிரவையுங்கள். பின்னேரம் கரண்ட் போய்ப் பிரிட்ஜ் ஏமாற்றினால், வாளியில் ஐஸும் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டுப் போத்தலைக் கழுத்துவரை இறக்குங்கள். இருபது நிமிடத்தில் சரியாகிவிடும். தண்ணீர் விடாமல் வெறும் ஐஸுக்குள் செருகினால் நேரம் எடுக்கும். சீஸை ஒரு மணித்தியாலம் முன்பே வெளியே எடுத்துவை என்று ஐரோப்பியர் எழுதுவார்கள். இங்கே இருபது நிமிடம் காணும், அதற்குமேல் செடார் வியர்க்கத் தொடங்கும்.

முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு, கடைசியில் இனிப்பு. சீஸிலும் மெதுவானதில் தொடங்கி நீலத்தில் முடியுங்கள். நீலத்தை முதலில் வைத்தால் பிறகு வருகிற எதுவும் நாக்கில் ஏறாது. ஒரு மிடறு வைன், அப்புறம் சீஸ், அது பாதி கரையும்போது இன்னொரு மிடறு. அந்த இரண்டாவது மிடறில்தான் சோடி பொருந்துகிறதா என்று தெரியும். ஆட்களிடம் சோடி எது என்று சொல்லாமல் கொடுத்துவிட்டு எது பிடித்தது என்று கேளுங்கள். சிவப்புக் கட்சிச் சித்தப்பா பெரும்பாலும் இனிப்புக்குக் கை தூக்குவார், பிறகு தான் தூக்கவில்லை என்றும் சொல்வார்.

நாளைக் குறிக்கும்போது கலண்டரைப் பாருங்கள். போயா (பௌர்ணமி) நாளில் மதுக்கடை எல்லாம் பூட்டு, ஆகவே போத்தலை முதல் நாளே எடுத்து வைக்கவேண்டும். 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெடியனை வாங்க அனுப்பினால் வெறுங்கையோடு திரும்பி வருவான்.